உங்கள் கையெழுத்துக்கும் கணக்கு உண்டு



துடிப்புடன் மூப்படைதல் நிலையத்தில் காலை உடற்பயிற்சி முடிகிறது. ஊழியர் வருகைப் பதிவேட்டை நீட்டுகிறார். நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர், “இன்றைக்கு அக்கா வரவில்லை. அவங்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்களேன்” என்கிறார்.

சின்ன உதவிதானே என்று தோன்றும். ஆனால், அந்த ஒரு கையெழுத்தின் பின்னால் நீண்ட கணக்கு ஒன்று இருக்கிறது. சுகாதாரத்துக்காக ஒதுக்கப்படும் பணம் உலக அளவிலும் நம் ஊரிலும் எப்படி மக்களை வந்து சேர்கிறது, அதில் நம் பங்கு என்ன என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. பணம் ஏன் தொண்டு அமைப்புகள் வழியாக வருகிறது?

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாகப் போனால் குவோங் வாய் ஷியூ மருத்துவமனையைக் காணலாம். 1910ஆம் ஆண்டில் ஏழைக் குடியேறிகளுக்காகச் சீனச் சமூகத்தினர் தொடங்கிய அறநிறுவனம் அது. இன்று எல்லா இனத்தவரையும் கவனிக்கிறது. 1948ல் தொடங்கிய ஸ்ரீ நாராயண மிஷன் ஈசூனில் தாதிமை இல்லம் நடத்துகிறது. இவை அரசாங்க அலுவலகங்கள் அல்ல. ஆனால், அரசாங்கத்தோடு சேர்ந்து செயல்படுகின்றன.

ஏன் இப்படி? உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டினால் உடனே திறப்பீர்களா? உங்கள் மொழி பேசும், உங்கள் புளோக்கில் பலருக்கும் தெரிந்த தொண்டூழியர் தட்டினால்? பணம் அரசாங்கத்திடம் இருக்கலாம். மக்களின் நம்பிக்கை பெரும்பாலும் இத்தகைய அமைப்புகளிடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் மருந்தும் பரிசோதனையும் வீட்டு வாசல்வரை வரும்.

2. உலக நிதி நடந்து வரும் பாதை

எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்று நோய்களை எதிர்ப்பதற்காக உலக நிதியம் ஒன்று 2002ல் தொடங்கப்பட்டது. தலைமை அலுவலகம் ஜெனீவாவில் உள்ளது. அரசாங்கங்களும் தனியார் கொடையாளர்களும் இதற்குப் பணம் தருகிறார்கள். உதவி பெறும் நாடுகளில் இந்த நிதியத்துக்குக் கிளை அலுவலகம் கிடையாது. ஆகவே பணம் படிப்படியாகச் செல்கிறது.

முதல் படி: நாட்டளவில் ஒரு குழு அமைகிறது. அதில் அரசாங்கம், தொண்டு அமைப்புகள், நோயால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகிய தரப்பினர் உட்காருகிறார்கள். என்ன தேவை என்று சேர்ந்து விண்ணப்பிக்கிறார்கள்.

இரண்டாம் படி: பணத்தைப் பெற்றுப் பொறுப்பேற்கும் முதன்மை அமைப்பு தேர்வாகிறது. அது சுகாதார அமைச்சாக இருக்கலாம். தொண்டு அமைப்பாகவும் இருக்கலாம். ஒரே திட்டத்தில் இரண்டும் பொறுப்பேற்பது உண்டு.

மூன்றாம் படி: முதன்மை அமைப்பு, வட்டாரங்களில் வேலை செய்யும் சிறிய அமைப்புகளுக்குப் பணியைப் பிரித்துத் தருகிறது.

நான்காம் படி: இவர்கள் யாரையும் சாராத தணிக்கையாளர்கள் அந்நாட்டிலேயே இருந்து கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

பணம் மொத்தமாகத் தரப்படுவதில்லை. தவணை தவணையாக வரும். சொன்ன வேலை நடந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தவணை.

3. இலங்கை கற்றுத்தந்த பாடம்

மலேரியா என்றால் என்னவென்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிங்கப்பூர் மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 1982ல் சான்றளித்தது. இலங்கைக்கு அந்தச் சான்று கிடைக்க மேலும் 34 ஆண்டுகள் ஆயின.

1963ல் இலங்கை முழுவதற்கும் மலேரியா பதிவானது 17 பேருக்கு மட்டுமே. நோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணத்தில் கண்காணிப்பும் செலவும் குறைந்தன. 1969ல் 500,000க்கும் மேற்பட்டோரை மலேரியா தாக்கியது. ஆறே ஆண்டுகளில் இந்த நிலை.

பிறகு வந்தது உள்நாட்டுப் போர். வடக்கிலும் கிழக்கிலும் மலேரியாத் தடுப்புப் பணி மிகவும் சிரமமானது. போர் 2009 மே மாதம் முடிந்தது. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து உலக நிதியத்தின் பணத்தைக் கொண்டு, அரசாங்கத்தின் மலேரியா ஒழிப்பு இயக்கத்தோடு டெதா என்ற அமைப்பும் கைகோத்தது. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களில் அது இரத்தப் பரிசோதனைக் கூடங்களை நடத்தியது. தமிழ் பேசும் மக்கள் அதிகம் வாழும் பகுதிகள் இவை. 1958ல் தொடங்கிய சர்வோதய இயக்கமும் உலக நிதியத்தின் பணத்தைப் பெற்று, கிராமங்களில் மலேரியாத் தடுப்புப் பணி செய்தது.

இலங்கைக்குள் பரவிய மலேரியாவின் கடைசிச் சம்பவம் 2012 அக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் நாட்டுக்குச் சான்று கிடைத்தது. டெதாவின் பணி 2014ல் முடிந்தது. கண்காணிப்பை அரசாங்கம் தொடர்ந்தது. வெளியிலிருந்து வரும் நிதி ஒருநாள் நிற்கும். வேலை நிற்கக்கூடாது.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சான்று பெற வேண்டுமானால், தொடர்ந்து மூன்று ஆண்டுகளாவது நாட்டுக்குள் நோய் பரவவில்லை என்று நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? பதிவேட்டைக் கொண்டுதான். “இவர் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது; மலேரியா இல்லை” என்ற ஒவ்வொரு வரியும் சாட்சி. பரிசோதிக்காமலே யாராவது அப்படி எழுதியிருந்தால், நோய் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

4. பொய்க் கையெழுத்து என்ன செய்யும்?

ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டுக்கும் உலக நிதியம் பணம் கொடுத்தது. 2010ல் நிதியத்தின் சொந்த விசாரணையாளர்களே அங்கு முறைகேட்டைக் கண்டுபிடித்தார்கள். பயிற்சி வகுப்புகள் நடத்தியதாகக் காட்டிப் பணம் எடுக்கப்பட்டிருந்தது. படிச் செலவு, பயணச் செலவு ரசீதுகளில் போலிக் கையெழுத்துகள் இருந்தன. அந்த ஆண்டு இறுதியில் மாலிக்கான மலேரியா நிதி நிறுத்திவைக்கப்பட்டது. காசநோய்த் திட்டம் ஒன்று ரத்தானது. செய்தி உலகெங்கும் பரவியதும் ஜெர்மனி, சுவீடன் போன்ற நாடுகள் நிதியத்துக்குத் தரவேண்டிய பணத்தைச் சிறிது காலம் நிறுத்திவைத்தன.

தவறு செய்தவர் சிலர். காத்திருந்த நோயாளிகளோ அந்தத் தவற்றை அறியாதவர்கள்.

5. நம் ஊரில், நம் புளோக்கில்

சிங்கப்பூரில் நமக்கு வருவது பெரும்பாலும் நம் சொந்த வரிப்பணமும் நன்கொடையும்தான். ஆனால், பாதை ஏறக்குறைய அதே மாதிரி. சுகாதார அமைச்சு நிதி ஒதுக்குகிறது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு அதை நிர்வகிக்கிறது. சமூக சேவை அமைப்புகள் உங்கள் வட்டாரத்தில் நிலையங்களை நடத்துகின்றன. மூத்தோர் நலமாக மூப்படைவதற்கான தேசியத் திட்டத்துக்குப் பத்தாண்டுகளில் 3.5 பில்லியன் வெள்ளி செலவிடப்படும் என்று 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய தொகையும் கடைசியில் வந்து நிற்பது உங்கள் முன் நீட்டப்படும் அந்தப் பதிவேட்டில்தான்.

இப்போது அந்த அக்காவிடம் திரும்புவோம். அவர் ஏன் வரவில்லை? மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். காய்ச்சலாக இருக்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்து, தொலைபேசி எட்டாத இடத்தில் கிடக்கவும் கூடும். பதிவேட்டில் அவர் இடம் காலியாக இருந்தால், “ஏன் வரவில்லை?” என்று ஒருவர் கேட்க வாய்ப்பு உண்டு. தொலைபேசியில் அழைப்பார்கள், கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். அவருக்காக நீங்கள் கையெழுத்திட்டுவிட்டால், அவர் வந்துவிட்டார் என்றே ஆகிவிடும். யாரும் தேடமாட்டார்கள்.

காலியிடமும் ஒரு செய்திதான். அதை நிரப்பிவிடாதீர்கள். அக்காவுக்கு உதவ வேண்டுமானால், அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரியுங்கள்.

6. வெளிநாட்டு நோயாளிகளுக்கு நன்கொடை கேட்டால்

இந்தியாவில், இலங்கையில் நோயால் அவதிப்படுவோருக்கு என்று சிலர் பணம் கேட்பார்கள். படத்தைப் பார்த்தால் மனம் இளகும். கொடுப்பது நல்ல குணம். ஆனால், வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்டுவோர் அறநிறுவன ஆணையரின் அனுமதி பெற வேண்டும். “அனுமதி இருக்கிறதா? காட்டுங்கள்” என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நேர்மையானவர் அதற்காகக் கோபப்படமாட்டார்.

நீங்கள் செய்யக்கூடியவை

• உங்கள் வருகைக்கு மட்டும் கையெழுத்திடுங்கள். மற்றவருக்காக வேண்டாம்.

• வெற்றுத் தாளிலோ புரியாத படிவத்திலோ கையெழுத்திடாதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

• வீட்டுக்கு வரும் தொண்டூழியரின் அடையாள அட்டையைப் பார்த்த பிறகு கதவைத் திறங்கள். கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று மறைத்தால் உதவி வேறு பக்கம் போய்விடும்.

• நிலையத்தில் குறை இருந்தால் சொல்லுங்கள். அது நன்றி கெட்ட செயல் அல்ல. கணக்குச் சரியாக இருக்க அதுவும் உதவும்.

• மூத்தோருக்கான சேவைகள் பற்றி அறிய ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் அழையுங்கள். மோசடியோ என்ற சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணில் கேளுங்கள்.

கலந்து பேச மூன்று கேள்விகள்

1. 1963ல் 17 பேருக்கு மட்டுமே மலேரியா இருந்த இலங்கையில், ஆறு ஆண்டுகளில் நிலைமை ஏன் தலைகீழானது?

2. தொண்டு அமைப்பால் செய்ய முடிந்து, அரசாங்க அலுவலகத்தால் எளிதில் செய்ய முடியாதது எது? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

3. உங்கள் நிலையத்துக்கு வழக்கமாக வந்து, இப்போது சில வாரங்களாகக் காணாமல் போனவர் யார்? இன்று அவரை யார் கூப்பிட்டு விசாரிக்கப்போகிறீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பேச்சோடு நிறுத்தாதீர்கள். இந்தத் தாளை மடித்து வைப்பதற்குள் அந்த அழைப்பைச் செய்துவிடுங்கள்.