மஞ்சள் இலைக்குச் சாம்பல் மருந்தல்ல

"இலை மஞ்சளாகுதா? ரெண்டு கைப்பிடி அடுப்புச் சாம்பலைப் போடுங்க, பச்சை பிடிச்சிடும்." மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். இப்போது மாடித்தோட்டக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

அடியிலுள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. விறகு எரியும்போதே தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. அடுப்பில் மிஞ்சுவது சுண்ணாம்பும் சாம்பல்சத்தும் கொஞ்சம் மணிச்சத்தும்தான். தன்னிடம் இல்லாததைச் சாம்பல் எங்கிருந்து கொடுக்கும்?

கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. அங்கே சாம்பல் போடுவது செடிக்குச் செய்யும் கொடுமை. மண்ணில் இரும்பு இருக்கும். காரம் மிகுந்ததால் வேரால் எடுக்க முடியாது. கோவைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கரிசலில் பி.எச். 8-ஐத் தாண்டுவது சாதாரணம். சாம்பல் கரைத்த நீரோ 10-க்கும் மேல். அந்த அளவுகோலில் ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு!

"பாட்டி போட்டாங்களே" என்பார்கள். பாட்டி எருக்குழியில் சாணத்தோடும் குப்பையோடும் கொட்டினார். மக்கிய எரு வயல் முழுக்கப் பரவியது. நீங்கள் ஒரே பையில் கொட்டுகிறீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

சாம்பல் தூவினால் அசுவினி போகுமா? ஓரளவு குறையும். பனி ஈரத்தில், இலையின் அடிப்பக்கம் படும்படி தூவ வேண்டும். ஒரு மழை போதும், கழுவிக்கொண்டு போய்விடும்.

எல்லாச் சாம்பலும் ஒன்றா? இல்லை. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எரித்த சாம்பல் காய்கறிப் பாத்திக்கு ஆகவே ஆகாது.

அம்மோனியம் சல்பேட்டோடு கலக்கலாமா? கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

சாம்பல் உதவும் இடமும் உண்டு. நீலகிரி, கொடைக்கானலின் புளிப்பு மண்ணில் சதுர மீட்டருக்கு 100 கிராம், ஆண்டுக்கு ஒருமுறை தூவலாம். உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் வேண்டாம், சொறிநோய் கூடும்.

மண்வள அட்டைத் திட்டம் 2015-இல் வந்தது. வீட்டுத் தோட்டக்காரர்களோ இன்னும் இலையைப் பார்த்தே வைத்தியம் செய்கிறார்கள். நான்கைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவைப் பக்கத்து மண் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். பி.எச். எண் கைக்கு வரும்வரை சாம்பல் அடுப்படியிலேயே இருக்கட்டும்.