பஞ்சா சொல்லும் பாடம்

முஹர்ரம் பிறை பிறந்ததும் நம் நாட்டில் பல ஊர்களில் பஞ்சா எடுக்கிறார்கள். உலோகத்தில் செய்த கை வடிவத்தைக் கழியின் முனையில் பொருத்தி, மாலை சூட்டி ஊர்வலம் வருகிறார்கள். தஞ்சையை அடுத்த காசவளநாடு புதூரில் இந்துப் பெருமக்களே இதனை ‘அல்லாசாமி’ என்று அழைத்துக் கொண்டாடுகின்றனர். இந்தக் கையின் பொருள்தான் என்ன?

பார்ஸி மொழியில் ‘பஞ்ச்’ என்றால் ஐந்து. ‘பஞ்சா’ என்றால் ஐவிரல் கொண்ட கை. நபிகள் நாயகம் (ஸல்), அலீ (ரலி), பாத்திமா (ரலி), ஹஸன் (ரலி), ஹுஸைன் (ரலி) ஆகிய ஐவரையும் இவ்விரல்கள் குறிப்பதாகச் சொல்வர். ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10-ல் (கி.பி. 680) கர்பலாவில் கொடி தாங்கிய அப்பாஸ் (ரலி) அவர்கள், தாகித்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சென்று கைகளை இழந்து ஷஹீதானார்கள். அக்கையின் நினைவே இது என்பாரும் உண்டு.

தக்காணத்து சுல்தான்கள் இக்கொடி மரபைப் பெரிதும் போற்றினர். கோல்கொண்டாவின் முஹம்மது குலீ குதுப்ஷா ஹைதராபாத்தில் இதற்கென்றே ஆஷுர்கானா எழுப்பினார். பீஜப்பூர்ப் படை 1649-ல் நமது செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1677-ல் சிவாஜி கைப்பற்றும் வரை அது அவர்கள் வசமே இருந்தது. இவ்வாறு தக்காணத்தாரோடு ஏற்பட்ட தொடர்பால் அவர்களுடைய பழக்கங்களும் தமிழகத்தில் பரவின.

ஆக, பஞ்சா ஒரு நினைவுச் சின்னம். மார்க்கம் விதித்த வணக்கமன்று. ஆனால் பிள்ளைக்கு நோய் வந்தால் பஞ்சாவுக்கு நேர்ந்துகொள்ளும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பழிக்க வேண்டாம். அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், நீ நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்பதை நானறிவேன்; நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டதனாலேயே நானும் முத்தமிடுகிறேன் என்ற கருத்தில் கூறினார்கள். கஅபாவின் கல்லுக்கே இந்த நிலை என்றால், கொல்லர் வார்த்த கைக்கு ஏது ஆற்றல்? நோயைத் தருபவனும் நீக்குபவனும் அல்லாஹ் ஒருவனே.

ஆஷூரா நாளில் நமக்குள்ள சுன்னத் நோன்பு. மூஸா (அலை) அவர்களை அல்லாஹ் காப்பாற்றியதற்கு நன்றியாக நபியவர்கள் அந்நோன்பை நோற்றார்கள். ஒன்பதாம் நாளும் நோற்க நாடினார்கள். வீட்டிலுள்ள எல்லோரும் அவ்விரு நாளும் நோன்பிருங்கள். இஃப்தார் நேரத்தில் பிள்ளைகளுக்குக் கர்பலாவின் வரலாற்றைச் சொல்லுங்கள். தாகித்த ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்கும் கையே அந்தக் கையை மெய்யாக நினைவுகூரும் கை.

வல்ல ரஹ்மான் நம் ஈமானைக் காத்தருள்வானாக! ஆமீன்.