ஒருவழி மதகு

கடல் கடந்த செய்தியொன்றிலிருந்து தொடங்குவாம். மன்னார்க் குடாவின் மேல்கரையிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகக் கணினியொன்றில் தீய மென்பொருள் புகுந்திருந்தது. இந்தியக் கணினி அவசரகால உதவிக் குழு இதனை 2019 செப்டெம்பர் 4 இல் தெரிவித்தது. ஒக்டோபர் 29 இல் நிலையத்தார் செய்தியை மறுத்தனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம் உண்மையென ஒப்பியது. பீடிக்கப்பட்ட கணினி இணையத் தொடர்புடைய நிருவாக வலையமைப்பைச் சேர்ந்தது, முக்கியமான உள்வலையமைப்பு அதனின்று பிரிக்கப்பட்டது என்றும் கழகம் கூறிற்று. அணுவுலையில் விபரீதம் நேரின் காற்று நாட்டெல்லை பார்ப்பதில்லை. ஆகவே இத்தகைய பிரிவினையை எவ்வாறு செய்வர் என்பது நமக்கும் உரிய பாடமே.

இடையே கம்பியே இல்லாது விடுதல் எளிய வழி. ஆனால் உலையின் வெப்பம், அமுக்கம் முதலிய அளவீடுகளை அலுவலகத்தாரும் காணவேண்டுமன்றோ? யாரேனும் பென் டிரைவில் எடுத்துச் செல்வார். அது மீளும்போது வேண்டாத ஒன்றும் உடன்வரும். ஈரானின் நத்தான்ஸ் நிலையத்தைத் தாக்கி 2010 இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் அவ்வழியே பரவவல்லது.

இங்கே உதவுவது தரவு இருவாயி. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயியைப் பௌதிக மாணவர் அறிவர். சாகாமக் குளத்து மதகால் வயலுக்கு இறங்கிய நீர் மீண்டும் குளத்துக்கு ஏறுவதில்லை, இதுவும் அஃதொப்பதே. ஒளியிழையின் நிலையப் பக்கத்தில் ஒளியனுப்பி மட்டும், அலுவலகப் பக்கத்தில் ஒளிவாங்கி மட்டும் இருக்கும். தீச்சுவர் மென்பொருளின் விதிகளால் இயங்குவது, விதியை ஏமாற்றலாம். இல்லாத விளக்கை எவராலும் ஏற்ற முடியாது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. செய்தி பெற்ற கணினி ‘கிடைத்தது’ என மறுமொழி விடுப்பது வழக்கம். ஈண்டு அது இயலாது. எனவே ஒரே செய்தியைப் பன்முறை அனுப்பியும் பிழைதிருத்துங் குறிகளைச் சேர்த்தும் ஈடுசெய்வர்.

இராணுவ இரகசியமெனின் திசை தலைகீழாகும். அங்கே செய்தி உட்செல்லலாம், வெளிவரலாகாது. பெல், லபதூலா என்னும் இருவர் 1973 இல் வகுத்த நெறி இதுவே. அணுநிலையத்திலோ உட்புகுவதற்கே அஞ்சுகிறோம். இவ்விரண்டையும் மயங்கி, கருவியைத் திசைமாற்றிப் பூட்டினால் காவல் இருந்தும் பயனில்லை.

இருதிசையிலும் செய்தி செல்லவேண்டிய இடங்களில் காவற் கணினியொன்றை வைப்பர். அது குறித்த வடிவிலமைந்த செய்திகளை மட்டும் விடும். ஐயமுற்றதை ஓர் அலுவலர் படித்துப் பார்ப்பார். மென்பொருளுக்கான திருத்தங்களும் உள்ளே செல்லவேண்டியவையே. இருவாயி அவற்றையும் தடுப்பதால், வட்டில் கொணர்ந்து, எதனோடும் இணையாத தனிக் கணினியில் சோதித்த பின்னரே உட்செலுத்துவர்.