கைத்தொலைபேசி வழியே புகையை விட முடியுமா?

காலையில் கோப்பி குடித்து முடித்ததும் உங்கள் கை தானாகச் சட்டைப்பையைத் தேடுகிறதா? பல ஆண்டுகளாகவே அப்படித்தானா? அப்படியென்றால் இந்தப் பாடம் உங்களுக்கானது. நீங்கள் புகைக்காதவர் என்றால், வீட்டில் புகைக்கும் கணவருக்கோ அண்ணனுக்கோ இதை வாசித்துக் காட்டுங்கள்.

செங்காங்கில் வீவக வீட்டில் வசிக்கும் ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்வோம். வயது 66. பதினெட்டு வயதில் தொடங்கிய பழக்கம். புளோக்கின் கீழ்த்தளத்திலும் பொது நடைவழியிலும் புகைக்கத் தடை என்பதால், நாளுக்குப் பத்து முறை மின்தூக்கியில் இறங்கி வெட்டவெளியைத் தேடிப் போகிறார். மழை பெய்தால் குடையோடு போகிறார். ஒருநாள் பேத்தி கேட்கிறாள்:

“தாத்தா, சிகரெட்டை விடுறதுக்குக் கைத்தொலைபேசியிலயே திட்டம் இருக்கு. உங்களைச் சேர்த்து விடட்டுமா?”

“டாக்டர் சொல்லியே விடாதவன், தொலைபேசி சொன்னா விட்டுடுவேனாம்மா? அதுவும் இந்த வயசுல!”

தாத்தாவின் பதிலில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த வயதில் விட்டுப் பயன் உண்டா? இணையம் வழி நடக்கும் திட்டம் உண்மையிலேயே உதவுமா? இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆய்வாளர்கள் இரண்டையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி: இந்த வயதில் விட்டுப் பயன் உண்டா?

உண்டு. பிரிட்டனில் 34,439 ஆண் மருத்துவர்களின் புகைபிடிக்கும் பழக்கத்தை 1951ஆம் ஆண்டு பதிவு செய்து, 2001 வரை 50 ஆண்டுகள் ஆய்வாளர்கள் கண்காணித்தனர். அதன் முடிவு 2004இல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்தார்கள். ஆனால் இடையில் விட்டவர்கள் அந்த ஆண்டுகளில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார்கள்:

• 40 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 9 ஆண்டுகள்
• 50 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 6 ஆண்டுகள்
• 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகள்

மூன்று ஆண்டு சிறிய காலமா? தொடக்கநிலை நான்கில் படிக்கும் பேத்தி உயர்நிலைப்பள்ளிக்குப் போவதைப் பார்க்கும் அளவுக்கு நீண்ட காலம் அது.

உடல் வெகுநாள் காத்திருப்பதும் இல்லை. கடைசி சிகரெட்டுக்குப் பிறகு 20 நிமிடங்களில் இதயத் துடிப்பு குறையத் தொடங்குகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்திருந்த கார்பன் மோனாக்சைடு வழக்கமான அளவுக்கு இறங்குகிறது. ஓராண்டில், புகைப்பதால் கூடியிருந்த இதயநோய் அபாயம் பாதியாகிறது.

இணையவழி நடத்தைச் சிகிச்சை என்றால் என்ன?

புகைபிடித்தலில் இரண்டு கட்டுகள் உண்டு. ஒன்று, நிக்கோட்டின் என்ற பொருளுக்கு மூளை அடிமையாவது. மற்றொன்று, பழக்கம்: கோப்பி குடித்தால் ஒன்று, சாப்பிட்டு முடித்தால் ஒன்று, பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒன்று, மனம் சரியில்லை என்றால் இரண்டு. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையும் மெல்லும் நிக்கோட்டின் கம்மும் முதல் கட்டைத் தளர்த்த உதவுகின்றன. இரண்டாவது கட்டை அவிழ்ப்பதற்குத்தான் நடத்தைச் சிகிச்சை.

முன்பு இது பெரும்பாலும் ஆலோசகரை நேரில் பார்த்துப் பேசுவதாக இருந்தது. இப்போது அதே பாடங்கள் வலைத்தளமாகவும் செயலியாகவும் குறுஞ்செய்தியாகவும் வருகின்றன. பெரும்பாலான திட்டங்கள் ஒரே வரிசையில்தான் நடக்கும்: எந்த நேரத்தில் எதனால் புகைக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்வது, விடும் நாளை முடிவு செய்வது, அந்த நேரங்களில் வேறு என்ன செய்யலாம் என்று பழகுவது, தவறி ஒன்று புகைத்துவிட்டால் மறுபடி எழுந்து நிற்பது.

புகைக்க வேண்டும் என்ற தவிப்பைக் கையாளுவதில் இரண்டு வழிகள் சொல்லித் தரப்படுகின்றன. முதல் வழி, தவிப்பைத் தவிர்ப்பது: இடத்தை மாற்றுவது, தண்ணீர் குடிப்பது, யாருக்காவது தொலைபேசியில் அழைப்பது. இரண்டாம் வழி, தவிப்பை எதிர்த்துச் சண்டை போடாமல் அது வந்துபோக விடுவது. செங்காங் எல்ஆர்டியை நினைத்துப் பாருங்கள். ரயில் வரும், நிற்கும், கதவு திறக்கும், போய்விடும். வட்டப்பாதை என்பதால் மறுபடியும் வரும். வரும் ரயிலில் எல்லாம் ஏறவேண்டும் என்று கட்டாயம் இல்லை. தவிப்பும் அப்படித்தான். பெரும்பாலும் சில நிமிடங்களில் அது தணிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: இது வேலை செய்கிறது என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

“எங்கள் செயலியால் ஆயிரம் பேர் விட்டார்கள்” என்று ஒரு விளம்பரம் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். செயலி இல்லாமலும் அவர்களில் சிலர் விட்டிருப்பார்கள் அல்லவா? அதனால் நல்ல ஆய்வு ஒன்றில் நான்கு விஷயங்கள் இருக்கும்.

1. குலுக்கல்: விட விரும்புபவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புதிய திட்டம், மற்றதற்கு வேறு ஏதாவது. மனவுறுதி மிக்கவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் இது தடுக்கும்.

2. காலம்: ஒரு வாரம் விடுவது போதாது. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துக் கேட்பார்கள்.

3. உறுதிப்படுத்துதல்: சில ஆய்வுகளில் எச்சிலைப் பரிசோதித்து, சொன்னது உண்மையா என்று பார்ப்பார்கள்.

4. காணாமல் போனவர்கள்: இடையில் பதில் தராமல் போனவர்களை இன்னும் புகைப்பவர்களாகவே கணக்கிடுவது பொதுவான வழக்கம். விடாதவர்கள்தான் பெரும்பாலும் பதில் தராமல் இருப்பார்கள்.

சோதனைகள் சொன்னது என்ன?

குறுஞ்செய்தி: பிரிட்டனில் 5,800 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு, முதல் ஐந்து வாரம் நாளுக்கு ஐந்து செய்திகள், பிறகு வாரத்துக்கு மூன்று செய்திகள். தவிப்பு வந்தால் ஒரு சொல்லை அனுப்பி உடனே உதவி பெறலாம். மற்றொரு குழுவுக்குப் புகைபிடித்தலைப் பற்றிப் பேசாத பொதுவான செய்திகள். ஆறு மாதம் கழித்து எச்சில் பரிசோதனையோடு பார்த்தபோது, உதவிச் செய்தி பெற்றவர்களில் 100க்கு 10.7 பேர் தொடர்ந்து புகைக்காமல் இருந்தார்கள். மற்ற குழுவில் 4.9 பேர்.

செயலி: அமெரிக்காவில் 2,415 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. தவிப்பை வந்துபோக விடுவதைக் கற்பிக்கும் ஒரு செயலியும், தவிப்பைத் தவிர்க்கச் சொல்லும் வழக்கமான செயலியும் ஒப்பிடப்பட்டன. ஓராண்டு முடிவில், கடந்த 30 நாட்களாகப் புகைக்கவில்லை என்று சொன்னவர்கள் முதல் செயலியில் 100க்கு 28 பேர், இரண்டாவதில் 21 பேர்.

வலைத்தளம்: தவிப்பை வந்துபோக விடும் அதே முறையை வலைத்தளமாகச் செய்து, 2,637 பேரிடம் சோதித்த ஆய்வு 2018இல் வந்தது. ஓராண்டு கழித்து அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்களில் 24 விழுக்காட்டினரும், அமெரிக்க அரசாங்கத்தின் வழக்கமான தளத்தைப் பயன்படுத்தியவர்களில் 26 விழுக்காட்டினரும் விட்டிருந்தார்கள். அதாவது, புதிய தளம் பழைய தளத்தை வெல்லவில்லை. புதுமையானது எல்லாம் மேலானது அல்ல என்பதை இந்த ஆய்வு காட்டியது.

மேலே உள்ள 10.7ஐயும் 28ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. ஒன்றில் எச்சில் பரிசோதனை, மற்றதில் அவரவர் சொன்ன பதில். அளவுகோல் வேறு. ஒவ்வோர் ஆய்விலும் இரண்டு குழுவுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைத்தான் பார்க்கவேண்டும்.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, 2017இல் இணையத் திட்டங்கள் பற்றிய 67 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 1,10,000க்கும் மேல். எல்லாருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டும் தளத்தைவிட, உங்களிடம் கேள்வி கேட்டு உங்களுக்கு ஏற்றபடி பதில் தரும் தளம் ஓரளவு கூடுதலாக உதவுகிறது என்று அது கண்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மேலே சொன்ன குறுஞ்செய்தி, செயலி ஆய்வுகளில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 40க்கும் கீழ். ஆகவே 66 வயதுத் தாத்தாவுக்கும் அதே எண்ணிக்கை கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: இவை மாயமந்திரம் அல்ல, வெறும் விளையாட்டும் அல்ல. நூறு பேரில் கூடுதலாக ஐந்து ஆறு பேர் விட உதவும் கருவி. அந்த ஐந்து ஆறு பேரில் நீங்கள் ஒருவராக இருக்கலாம்.

சிங்கப்பூரில் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் தினமும் புகைப்பவர்கள் 2017இல் 11.8 விழுக்காடாக இருந்தனர். 2023இல் அது 8.8 விழுக்காடாகக் குறைந்தது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘ஐ குவிட்’ திட்டம் 28 நாள் சவாலாக நடக்கிறது. 28 நாள் தொடர்ந்து புகைக்காமல் இருப்பவர்கள் நிரந்தரமாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகம் என்கிறது வாரியம். புகையை விடுவதற்கான ‘குவிட்லைன்’ தொலைபேசி எண் 1800 438 2000. அழைக்கும்போது, தமிழ் பேசும் ஆலோசகர் கிடைப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

கைத்தொலைபேசி மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம். செங்காங் பலதுறை மருந்தகத்திலோ, ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் நீங்கள் பதிந்துள்ள குடும்ப மருத்துவரிடமோ பேசுங்கள். ஒட்டுப்பட்டையோ மருந்தோ உங்களுக்குப் பொருந்துமா என்று அவர்கள் சொல்வார்கள். மருந்தும் ஆலோசனையும் சேரும்போதுதான் விடும் வாய்ப்பு அதிகம்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. மூன்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நேரத்தையும் காரணத்தையும் எழுதுங்கள். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும்.

2. விடும் நாளைக் குறியுங்கள். இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். பேரன் பேத்தியின் பிறந்தநாள், ஒரு வெள்ளிக்கிழமை, எதுவானாலும் சரி.

3. ஒரு துணையைப் பிடியுங்கள். கைத்தொலைபேசியில் எழுத்து சிறிதாக இருந்தால் பெரிதாக்கித் தரவும், ஆங்கிலச் செய்தியைத் தமிழில் சொல்லவும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் வேலைக்குப் போயிருந்தால், சமூக மன்றத்திலோ நூலகத்திலோ உதவி கேட்கலாம்.

4. கோப்பி நேரத்தை மாற்றுங்கள். வழக்கமான மேசையில் உட்காராமல், குடித்ததும் எழுந்து ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

5. கடைசிவரை செய்யுங்கள். பாதியில் திறப்பதை நிறுத்திவிட்டால் எந்தத் திட்டமும் உதவாது.

6. தவறினால் கணக்கை மூடாதீர்கள். ஒரு சிகரெட் புகைத்தது ஒரு சறுக்கல். எதனால் சறுக்கினோம் என்று எழுதிவிட்டு மறுபடி தொடருங்கள். பல முறை முயன்ற பிறகே பலரும் விட்டிருக்கிறார்கள்.

முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கக் குறைவு, மலச்சிக்கல், இருமல் வரலாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் இவை பெரும்பாலும் குறைந்துவிடும்.

கவனிக்கவேண்டியவை

• மின்சிகரெட் வேண்டாம். அதை வாங்குவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம். புகையை விட உதவும் என்று யாராவது இணையத்தில் விற்றாலும் வாங்காதீர்கள்.

• பீடி, சுருட்டு என்று மாறுவது விடுவது ஆகாது. அவையும் புகைதான்.

• வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா? புகையை நிறுத்தும்போது உடலில் சில மருந்துகளின் அளவு மாறும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், நீரிழிவுக்கு இன்சுலின் எடுப்பவர்கள் விடும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம்.

• திட்டத்தில் சேர்க்கிறேன் என்று சொல்லி யாராவது வங்கிக் கணக்கு எண்ணோ கடவுச்சொல்லோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

குடும்பத்தோடு பேசிப்பாருங்கள்

• நாளின் எந்த சிகரெட்டை விடுவது எனக்கு மிகக் கடினம்? ஏன்?
• தவிப்பு வரும் அந்தச் சில நிமிடங்களில் நான் யாரை அழைக்கலாம்?
• முன்பு விட முயன்றபோது எது உதவியது? எங்கே சறுக்கினேன்?

நம் தாத்தாவிடம் திரும்புவோம். தொலைபேசி சொன்னால் விட்டுவிடுவேனா என்று கேட்டார். தொலைபேசி யாரையும் விட வைக்காது. விட நினைப்பவருக்கு, கை சட்டைப்பையைத் தேடும் அந்த நேரத்தில், பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்லும், அவ்வளவுதான். மீதியைத் தாத்தாவும் பேத்தியும் மருத்துவரும் சேர்ந்து செய்யவேண்டும். முதல் 28 நாளை நாள்காட்டியில் குறித்துத் தொடங்குங்கள்.