கைகளைக் காக்கும் சிறு சுவிச்
பழைய மரம் சீவும் இயந்திரத்தின் பாதுகாப்புச் சுவிச்சுகளைத் திருத்துதல்



இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, மீண்டும் வயலில் இறங்கும்வரை வேறு தொழிலையும் நம்பி வாழ வேண்டியுள்ளது. அவற்றுள் தச்சுவேலை ஒன்று. வீடு கட்டும் ஊர்களில் கதவு, நிலை, யன்னல், கைமரம் என்று வேலை வந்துகொண்டேயிருக்கும்.

ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் ஐந்து குடும்பங்கள் பணம் சேர்த்து, ஒருவர் பாவித்துவிட்ட மரம் சீவும் இயந்திரம் ஒன்றை வாங்கின. ‘பிளேனர் மெசின்’ என்று நாம் சொல்வது அதுதான். சில மாதங்களில் அது இடைக்கிடை நின்றுபோகத் தொடங்கியது. கத்திக்கு மேலுள்ள மூடியின் சுவிச் பழுது. கதவுகளைக் கொடுக்கவேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. “அண்ணை, இந்த இரண்டு வயரையும் ஒன்றாய் முறுக்கிவிட்டால் ஓடும்தானே?” என்று கேட்டார் ஓர் இளைஞர். முறுக்கினார்கள், ஓடியது. பின்னர் பச்சைப் பொத்தான் பிடிக்காமல் போனது. அதற்கு ஒரு குச்சியை முட்டுக்கொடுத்து ரேப் ஒட்டினார்கள். அதுவும் ஓடியது.

மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் வேலையின் நடுவே மின்சாரம் நின்றது. “கரண்ட் இல்லைத்தானே” என்று மூத்தவர் மூடியைத் திறந்து, சிக்கியிருந்த சீவலைக் கையால் இழுத்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. வலக்கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. அரிவாள் பிடிக்கும் கை அது.

அந்த இரண்டு சுவிச்சுகளில் ஒன்றாவது ஒழுங்காக இருந்திருந்தால் இது நடந்திராது. மூடிச் சுவிச் வேலை செய்திருந்தால், மூடி திறந்திருக்கும்போது மோட்டார் ஓடியிராது. பச்சைப் பொத்தானுக்கு முட்டுக்கொடுக்காதிருந்தால், மின்சாரம் வந்தாலும் இயந்திரம் தானாகப் புறப்பட்டிராது. புதிய மூடிச் சுவிச்சின் விலை ஒரு மூடை நெல்லின் விலையிலும் குறைவு. பழுதான பாதுகாப்புச் சுவிச்சைத் திருத்தலாம், மாற்றலாம். ஒருபோதும் விலக்கிவிடக் கூடாது. இப்பாடம் சொல்ல வருவது இதுதான்.

1. எந்தச் சுவிச் என்ன செய்கிறது?

இயந்திரத்தின் கத்தி உருளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 4000 முதல் 6000 தடவை சுழலும். 4000 தடவை என்று வைத்துக்கொண்டாலும், மூன்று கத்தி பூட்டிய உருளை ஒரு வினாடியில் 200 தடவை வெட்டும். கையை இழுத்துக்கொள்ள நேரம் இராது. அதனால்தான் கை போகுமுன்னரே மோட்டாரை நிறுத்துவதற்குச் சுவிச்சுகள் வைத்திருக்கிறார்கள்.

(அ) பச்சை-சிவப்புப் பொத்தான் பெட்டி. இதனுள் ஒரு கம்பிச் சுருள் உண்டு. மின்சாரம் இருக்கும்வரை அது காந்தமாகிச் சுவிச்சைப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றதும் விட்டுவிடும். மீண்டும் மின்சாரம் வந்தாலும், ஒருவர் பச்சையை அழுத்தும்வரை இயந்திரம் ஓடாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் திடீரென மின்சாரம் நின்றது. மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதுமில்லை, வருவதுமில்லை. எனவே நமது நாட்டில் இச்சுருள் மிக அவசியம்.

(ஆ) அவசர நிறுத்தி. காளான் போன்ற பெரிய சிவப்புத் தலை. அடித்தால் உள்ளே பூட்டிக்கொள்ளும். பெரும்பாலானவற்றைத் திருகித்தான் விடுவிக்க வேண்டும்.

(இ) மூடிச் சுவிச். மூடி தன் இடத்தில் சரியாக இருந்தால் மட்டும் மின்சாரம் போகவிடும் சிறிய சுவிச். சில இயந்திரங்களில் மேசைகளுக்குக் கீழும் இவ்வாறான சுவிச்சுகள் இருக்கும்.

(ஈ) சூட்டுக் காப்பு. மோட்டார் அளவுக்கு மீறிச் சுமை இழுத்தால் நிறுத்திவிடும். ஆறிய பின்னர், பல இயந்திரங்களில், ஒரு சிறு பொத்தானை அழுத்தி மீளச் சேர்க்க வேண்டும்.

இவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வழியில் இணைக்கப்பட்டிருப்பதே வழமை. குளத்துத் துருசிலிருந்து வரும் வாய்க்காலில் நான்கு மடைகள் இருப்பதாக நினையுங்கள். எந்த ஒரு மடை அடைபட்டாலும் வயலுக்குத் தண்ணீர் வராது. விவசாயி என்ன செய்வார்? வாய்க்கால் வழியே நடந்து, எந்த மடைவரை தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்ப்பார். அடைப்பை எடுப்பார். குளக்கட்டை வெட்டமாட்டார். வயர்களை முறுக்கிவிடுவது குளக்கட்டை வெட்டுவதற்குச் சமம்.

2. கை வைக்குமுன்

- பிளக்கைக் கழற்றி உங்கள் கண்முன்னே வைத்திருங்கள். சிவப்புப் பொத்தானை அழுத்தியது போதாது. மூன்று கட்ட மின்சாரமானால் மெயின் சுவிச்சை நிறுத்தி, பூட்டுப் போட்டுத் திறப்பைச் சட்டைப்பையில் வையுங்கள். உருகி உள்ள இடமானால் உருகிகளையும் கழற்றி வையுங்கள்.
- மின்சாரம் இல்லை என்பதை மீற்றரால் உறுதிப்படுத்துங்கள். முதலில் மின்சாரம் உள்ள ஓரிடத்தில் மீற்றரைச் சோதியுங்கள்; அடுத்து இயந்திரத்தில்; மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில். இடையில் மீற்றரே பழுதாகியிருக்கலாம் அல்லவா?
- ஒரு கட்ட மோட்டாரில் தகரப்பேணி போன்ற கொள்ளளவி (கப்பாசிற்றர்) இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அதில் மின் தங்கியிருக்கலாம். அதன் முனைகளைத் தொடவேண்டாம்.
- கத்தி நின்றிருந்தாலும் வெட்டும். உருளையைத் தடித்த துணியால் அல்லது பலகையால் மூடிவிடுங்கள்.
- எந்த வயரையும் கழற்றுமுன் படம் வரையுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு வயருக்கும் இலக்கம் எழுதிக் கட்டுங்கள்.

மூடியைத் திறந்து பார்த்தல், தூசு எடுத்தல், மீற்றரால் சோதித்தல், அதே வகைச் சுவிச்சை மாற்றுதல் ஆகியவற்றைக் கவனமுள்ள ஒருவர் செய்யலாம். மூன்று கட்ட இணைப்பு, மெயின் பலகை, வயரிங் மாற்றம் என்பவற்றை அனுமதி பெற்ற மின் தொழிலாளியிடமே விடுங்கள்.

3. அறிகுறியிலிருந்து பழுதுக்கு

பச்சையை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா? முதலில் எளியவற்றைப் பாருங்கள். மின்சாரம் வருகிறதா? அவசர நிறுத்தி உள்ளே பூட்டியிருக்கிறதா? மூடியின் கீழ் சீவல் சிக்கி அது சரியாக இருக்கவில்லையா? சூட்டுக் காப்பு விழுந்திருக்கிறதா? பல தடவைகளில் பழுது இங்கேயே அகப்படும்.

அழுத்தும்போது ஓடி, கையை எடுத்ததும் நிற்கிறதா? பிடித்து வைக்கும் பகுதியில் பழுது. சுருள் எரிந்திருக்கலாம், சுருளுக்குப் போகும் வயர் அறுந்திருக்கலாம், பிடிக்கும் தொடுகை தேய்ந்திருக்கலாம். மூடிச் சுவிச் திறந்திருந்தாலும் சில இயந்திரங்களில் இப்படி நடக்கும். இன்னொரு காரணமும் உண்டு: மின் அழுத்தம் குறைவது. நீளமான மெல்லிய வயரில் மின்சாரம் எடுத்தால், மோட்டார் புறப்படும்போது அழுத்தம் விழுந்து சுருள் விட்டுவிடும். சுவிச்சைக் குறைசொல்லுமுன் தடித்த, குறுகிய வயரில் ஓடவிட்டுப் பாருங்கள். காரணம் எதுவாயினும் பச்சைக்கு முட்டுக்கொடுக்க வேண்டாம்.

சிவப்பை அழுத்தியும் நிற்கவில்லையா? தொடுகைகள் உருகி ஒட்டியிருக்கலாம். மெயினை நிறுத்துங்கள். அந்தச் சுவிச்சைத் திருத்த முயலாமல் புதிது போடுங்கள்.

மூடி திறந்திருந்தும் ஓடுகிறதா? இது ஓசையில்லாத பழுது. ஆகவே எல்லாவற்றிலும் கொடியது. பழைய சொந்தக்காரர் செய்துவிட்ட குறுக்குவழியாக இருக்கலாம். இரு முனைகளை இணைக்கும் துண்டு வயர், சுவிச் நெம்பில் சுற்றிய ரேப், செருகிய தீக்குச்சி ஆகியவற்றைத் தேடுங்கள்.

வேலையின் நடுவே அதிர்வில் நின்று நின்று ஓடுகிறதா? தளர்ந்த திருகாணி, வயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ளே முறிந்த கம்பி, தூசு ஆகியவற்றைப் பாருங்கள்.

4. சோதித்தலும் மாற்றுதலும்

பிளக் கழன்ற நிலையில் மூடிச் சுவிச்சின் வயர்களைக் கழற்றுங்கள். மீற்றரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். மூடி மூடிய நிலையில் 1 ஓமுக்கும் குறைவாகக் காட்டவேண்டும். திறந்த நிலையில் இணைப்பே இருக்கக் கூடாது. வயரை ஆட்டிக்கொண்டு பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். ஒரு தடவை தவறினாலும் அது பழுதே.

சுருளைச் சோதிக்க அதன் ஒரு வயரைக் கழற்றி அளக்க வேண்டும். சில நூறு ஓம் முதல் சில ஆயிரம் ஓம் வரை காட்டலாம். இணைப்பே இல்லையெனில் சுருள் அறுந்துவிட்டது.

தூசுதான் குற்றவாளி என்றால் மென்மையான தூரிகையால் துடையுங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய், கிறீஸ் பூசவேண்டாம். மரத்தூள் அதில் ஒட்டிக் களியாகிவிடும். தொடுகைகளை அரத்தாலோ மண்கடதாசியாலோ தேய்க்கவும் வேண்டாம். நெம்பு வளைந்திருந்தால் நிமிர்த்தி நம்பியிருப்பதிலும் புதிய சுவிச் போடுவதே நல்லது.

புதிதை வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு செல்லுங்கள். வோல்ற், அம்பியர், முனைகளின் எண்ணிக்கை, நெம்பின் நீளம், திருகாணித் துளைகளின் இடைவெளி ஆகிய யாவும் பொருந்த வேண்டும். மரத்தூள் உள்ள இடத்துக்கு ஐ.பி. 54 அல்லது அதற்கு மேற்பட்ட காப்புடையதைக் கேளுங்கள்.

வயர் நிறங்களில் ஒரு பொறி உண்டு. பழைய பிரித்தானிய முறைப்படி மூன்று கட்ட வயர்கள் சிவப்பு, மஞ்சள், நீலம், நொதுமல் கறுப்பு. புதிய முறையில் நீலமே நொதுமல். பழைய இயந்திரத்தில் நீலத்தை நொதுமல் என்று நம்பினால் உயிருக்கே ஆபத்து. நிறத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். புவித்தொடுப்பு வயர் (எர்த்) இயந்திரத்தின் இரும்பு உடலோடு இறுகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டு ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுமானால் எங்கோ மின் கசிகிறது. அதையும் விலக்கிவிட வேண்டாம்.

5. வாங்குமுன் பெயர்த்தகட்டைப் பாருங்கள்

நமது மின்சாரம் ஒரு கட்டத்தில் 230 வோல்ற், மூன்று கட்டத்தில் 400 வோல்ற். யப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். பட்டறைகளின் மூன்று கட்ட மின்சாரம் 200 வோல்ற். அங்கிருந்து வந்த 200 வோல்ற் இயந்திரத்தை நமது 400 வோல்ற்றில் நேரே கொடுத்தால் மோட்டாரும் சுருளும் எரியும். மோட்டாரை மாற்றியபின் சுவிச்சின் பழைய சுருளை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. 200 வோல்ற் சுருள் 230 வோல்ற்றில் முதலில் வேலை செய்யும். பின் சூடேறி, காலத்துக்கு முன்னரே பழுதாகலாம். சுவிச் அடிக்கடி எரியும் இடங்களில் சுருளின் மேல் எழுதியுள்ள அளவை வாசியுங்கள்.

6. வேலை தொடங்குமுன் ஐந்து சோதனைகள்

மரம் வைக்காமல், கத்தியிலிருந்து விலகி நின்று செய்யுங்கள்.

1. பச்சையை அழுத்தி விடுங்கள்: தொடர்ந்து ஓட வேண்டும்.
2. சிவப்பை அழுத்துங்கள்: மோட்டார் நிற்க வேண்டும். கத்தி பின்னரும் சுழலும். முற்றாக நிற்கும்வரை எண்ணுங்கள். அந்த நேரத்தை இயந்திரத்தில் எழுதி ஒட்டுங்கள்.
3. ஓடவிட்டு அவசர நிறுத்தியை அடியுங்கள்: நிற்க வேண்டும். அதை விடுவித்ததும் தானாக ஓடக் கூடாது.
4. கத்தி முற்றாக நின்றபின் மூடியைத் திறந்து, தள்ளி நின்று பச்சையை அழுத்துங்கள்: ஓடக் கூடாது.
5. ஓடவிட்டு மெயினை நிறுத்துங்கள். கத்தி நின்றபின் மெயினைப் போடுங்கள்: தானாக ஓடக் கூடாது.

ஒன்றில் தவறினாலும் அன்று இயந்திர வேலை இல்லை. கைச் சீவுளியை எடுங்கள். இச்சோதனைகளை ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் செய்து, செய்தவர் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.

காணியை விட்டு வந்தோம்; மாட்டை விட்டு வந்தோம்; ஏரையும் விட்டு வந்தோம். கூடவே கொண்டுவந்தவை நம் கைகள். காணிக்குத் திரும்பிப் போகும் நாளில் மண்வெட்டி பிடிக்கப்போவதும் அவையே. ஒரு கதவு ஒரு நாள் பிந்தினால் சொந்தக்காரருக்குச் சமாதானம் சொல்லலாம். போன விரலுக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது பட்டறையில் எந்தச் சுவிச்சாவது விலக்கப்பட்டிருக்கிறதா? யாருக்காக, எந்த அவசரத்தில் அப்படிச் செய்தோம்?
2. “இன்று இயந்திரத்தை நிறுத்துவோம்” என்று சொல்லும் உரிமை எமது குழுவில் வயதில் இளையவருக்கும் உண்டா?
3. சுவிச், வயர் வாங்குவதற்கென ஒவ்வொரு வேலையின் வருமானத்திலிருந்தும் எவ்வளவு ஒதுக்கலாம்?