பழவேற்காடும் படைவீரர் குழூஉக்குறியும்

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்க வழங்கும் சொல்லை நன்னூலார் குழூஉக்குறி என்றார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் சான்றுகள். பழவேற்காட்டு ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் இடவுரிமையை மீனவர் 'பாடு' என்பதும் இவ்வகையினதே. இக்காலச் சான்று வேறு யாதென மாணவர் வினவும்போது, படைவீரர்தம் முதலெழுத்துச் சுருக்கங்களை நாம் காட்டுவதுண்டு.

அதற்கும் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மீனவர் வலை உலர்த்தும் அதே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. 1602-இல் தோன்றிய அவர்தம் கும்பினி படையும் வைத்திருந்தது, வாணிகமும் செய்தது. அதன் நெடும்பெயரைச் சுருக்கி வி.ஓ.சி. என முத்திரை அமைத்தனர். பழவேற்காட்டில் அடித்த செப்புக்காசுகளிலும் அம்முத்திரை உண்டு. (அதனைக் கண்ட நம் மாணவர் ஒருவர், "வ.உ.சி. வெளியிட்ட காசா, ஐயா?" என்றார். சிதம்பரனாரும் 1906-இல் கப்பல் கும்பினி கண்டவரே. ஆதலின் நகைத்து ஒதுக்க மனம் வரவில்லை.)

கடனிலும் ஊழலிலும் மூழ்கிய அக்கும்பினி 1799-ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தது. டச்சு மக்களோ அம்மூன்றெழுத்துக்கு 'ஊழலால் அழிந்தது' எனப் பொருள்படும் புதுவிரிவு ஒன்றைக் கற்பித்து எள்ளினர். எழுத்து மாறவில்லை, பொருள் தலைகீழாயிற்று. விரிவு பொருந்துவதனாலேயே அது சொற்பிறப்பு ஆகிவிடாது என்பதை மாணவர் இங்கே உணர்தல் வேண்டும். 'பொதுப்பயன்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளான 'ஜி.பி.' என்பதே 'ஜீப்' ஆயிற்று என்பர் பலர். ஆயின், அவ்வூர்தி தோன்றுமுன்னரே, 1936-இல், அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றில் அப்பெயருடைய விந்தை விலங்கு உலவிற்று. வழக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வீரர் வழங்கிய 'ஸ்னாஃபு' மிகச் சுவையானது. 'நிலைமை வழக்கம்போல்; எல்லாம் குளறுபடி' என்பது அதன் பொருள். மேலிடத்திற்கு அனுப்பும் அறிக்கையின் நடையையே அது நையாண்டி செய்கிறது. குளறுபடி என நாம் எழுதியவிடத்தில் வீரர் வாயில் இருந்தது அவையில் கூறத்தகாத சொல். அச்சேறியபோது மென்சொல் அவ்விடத்தைப் பிடித்தது. தகுதி வழக்கில் குழூஉக்குறியுடன் நன்னூலார் சேர்த்துரைத்த இடக்கரடக்கலும் இவ்வொரு சொல்லுள் அடங்கிவிட்டது!

இன்று கடலுக்குச் செல்லும் மீனவர் நாவில் 'ஜி.பி.எஸ்.' இயல்பாகப் புழங்குகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973-இல் படைத்தேவைக்கெனத் தொடங்கிய திட்டத்தின் பெயர் அது. மீன்படும் இடத்தைக் குறித்துவைத்து மறுநாள் மீண்டும் அங்கே செல்வதற்கு அக்கருவி உதவுகிறது. அம்மூன்றெழுத்தின் விரிவை அங்கே எவரும் கேட்பதில்லை.