உருவமே இல்லாத நீர் அரக்கன்

கேம்ஸில் வரும் அரக்கர்களை உருவாக்க விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் ஓவியத் திறமையும் கட்டாயம் வேண்டும் எனப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் எண்ணுகின்றனர். ஆனால், விளையாடியவர்களை நடுங்க வைத்த ஓர் எதிரிக்கு உருவமே கிடையாது. அது எப்படி இயங்குகிறது என்பதையும், அதைப் போன்ற ஒன்றை நாமே உருவாக்கும் வழியையும் இங்கு பார்ப்போம்.

தண்ணீரில் ஓர் எதிரி

ஸ்வீடன் நாட்டின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் நிறுவனம் 2010ல் வெளியிட்ட திகில் விளையாட்டு "அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்". கதை நடப்பது 1839ல், பிரஷ்யாவில் உள்ள ஒரு கோட்டையில். நினைவிழந்த டேனியல் என்பவராக நாம் விளையாட வேண்டும். கையில் ஆயுதம் எதுவும் கிடையாது. (இது பெரியவர்களுக்கான விளையாட்டு, சிறுவர்களுக்கு ஏற்றதல்ல.)

கோட்டையின் அடித்தளத்தில் ஒரு பகுதி நீரில் மூழ்கிக் கிடக்கிறது. அங்கு இருக்கும் அரக்கனை விளையாடுவோர் "கேர்ங்க்" என அழைக்கின்றனர். அது கண்ணுக்குத் தெரியாது. அது வரும்போது தண்ணீர் தெறிப்பதும், அந்தச் சத்தமும் மட்டுமே நமக்குக் கிடைக்கும் அடையாளங்கள்.

மூன்று விதிகள்

1. நீரில் கால் வைத்தால் அது துரத்தும்.
2. பெட்டிகள் போன்ற மேடான இடங்களில் ஏறி நின்றால் தப்பிக்கலாம்.
3. அங்கு கிடைக்கும் உடல் துண்டுகளைத் தூர எறிந்தால், அதைத் தின்னச் செல்லும். அந்த நேரத்தில் நாம் அடுத்த பெட்டிக்குத் தாவிவிடலாம்.

இந்த விதிகள் மாறுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிரி மறைந்திருக்கலாம், ஆனால் அது எங்கே வருகிறது என்ற அடையாளம் சரியாக இருக்க வேண்டும். அடையாளமும் இல்லாவிட்டால் நமக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும்.

நீங்களே செய்து பாருங்கள்

எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் உருவாகி 2007ல் வெளியான "ஸ்க்ராட்ச்" என்னும் இலவச புரோகிராம் இதற்குப் போதும். இதில் கட்டளைகளை டைப் செய்யத் தேவையில்லை. பிளாக்குகளை மவுஸால் இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். திரையில் நகரும் படங்களை இதில் ஸ்ப்ரைட் என்பார்கள்.

* பின்னணியை நீல நிறமாக்கி, வீரன், பெட்டி, அரக்கன், தெறிக்கும் நீர் (ஒரு சிறு வெள்ளை வட்டம்) என நான்கு ஸ்ப்ரைட்களை அமைத்திடுங்கள். வீரனை அம்புக் குறி கீகளால் நகரச் செய்யுங்கள்.
* "நீரில்" என்றொரு வேரியபிளை உருவாக்குங்கள். வீரன் பெட்டியைத் தொட்டால் அதன் மதிப்பு 0, இல்லையேல் 1.
* அரக்கனுக்கு, "நீரில்" 1 ஆக இருந்தால் வீரனை நோக்கித் திரும்பி 2 அடி நகர் எனக் கட்டளை தந்து, அதை ஃபார்எவர் பிளாக்கிற்குள் வைத்திடுங்கள். வீரனைத் தொட்டால் ஆட்டம் நிற்கட்டும்.
* அரக்கனின் கோஸ்ட் எஃபெக்டை 100 ஆக்கினால் அது மறைந்துவிடும். ஹைட் பிளாக்கைப் பயன்படுத்த வேண்டாம். மறைத்த ஸ்ப்ரைட்டை வீரன் தொட்டாலும் ஆட்டம் நிற்காமல் போகலாம்.
* வெள்ளை வட்டம் 0.3 விநாடிக்கு ஒருமுறை அரக்கன் இருக்கும் இடத்திற்குச் செல்லுமாறு அமைத்து, தண்ணீர்ச் சத்தம் ஒன்றைச் சேர்த்திடுங்கள்.

இனி நண்பர் ஒருவரை மூன்று முறை விளையாடச் சொல்லுங்கள். முதலில் அரக்கன் தெரியட்டும். அடுத்து அரக்கனையும், வட்டத்தையும் மறைத்து, சத்தத்தையும் நீக்கிவிடுங்கள். மூன்றாவதாக வட்டமும் சத்தமும் மட்டும் இருக்கட்டும். எந்த முறை அவர் பெட்டியை விட்டு இறங்கத் தயங்குகிறார் என்று பாருங்கள். அதன்பின் வட்டம் தோன்றும் இடைவெளியை 0.3லிருந்து 0.6 விநாடியாக மாற்றி, ஆட்டத்தைக் கடினமாக்கலாம்.